அமலன் சொன்ன வாக்கியம்

பிப்ரவரி 12, திங்கள்

உள்தேர்வுத் தாள்கள் அறுபத்திரண்டு வந்து மேசையில் கிடக்கின்றன. பதினொன்று திருத்துவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. இளைஞர்களின் இடப்பெயர்வு பற்றிய கேள்விக்கு ஒன்பது பேர் என் வாக்கியத்தையே பதிலாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவளையே மேற்கோள் காட்டினால் மதிப்பெண் போடாமலா போவாள் என்ற நம்பிக்கை. போட்டேன்.

என் வாக்கியம் என்று எழுதிவிட்டேன். அமலன் சொன்ன வாக்கியம். 2011இல், திண்டுக்கல் பக்கத்து இலங்கை அகதி முகாமில் நான் எடுத்த பேட்டியில் சொன்னது. "நாங்கள் சண்டைக்குப் பயந்து ஓடேல்லை, காத்திருக்கிறதுக்குப் பயந்துதான் ஓடுறம்." இந்த ஒரு வரிக்காகத்தான் என் கட்டுரையை ஊர் உலகமெல்லாம் படித்தார்கள். இதைச் சொல்லியே ஆறு நாடுகளுக்குப் போய் வந்தேன்.

மே 31 பணி ஓய்வு. இன்னும் நூற்றுச் சொச்சம் நாள். கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மெல்போர்னிலிருந்து ஒரு வக்கீலின் மின்னஞ்சல். பெயர் தர்சினி. நிரோஜனுக்காக எழுதியிருக்கிறாள்.

நிரோஜன்தான் அமலன். உண்மைப் பெயரை எழுதக்கூடாது என்பது எங்கள் மானுடவியலில் முதல் விதி, அதனால் அமலன் என்று நான் பெயர் வைத்தேன். பேட்டி எடுத்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்து தனியாக இங்கே வந்து சேர்ந்தவன். 2012இல் முகாமிலிருந்து கிளம்பி, படகேறி ஆஸ்திரேலியா போய்விட்டான். இப்போது முப்பத்திரண்டு ஆகிறது. பன்னிரண்டு வருடமாக அங்கேயும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அவனுடைய அகதி மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அந்த உத்தரவின் நகலை இணைத்திருந்தாள். பதினான்காம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சொல்லவே கூசுகிறது. பிறகு படித்தேன்.

இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, மனுதாரரே தன்னைப் பற்றியது என்று தாக்கல் செய்த கட்டுரையில், சண்டைக்குப் பயந்து ஓடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு, சண்டை முடிந்ததும் தன்னைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினேழு நாள் அடித்து வைத்திருந்தார்கள் என்று 2019இல்தான் முதன்முதலாகச் சொல்கிறார். அவ்வளவு விரிவான பேட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே அது பிறகு சேர்த்துக்கொண்ட கதை.

மறுவிசாரணை மார்ச் 26. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒலிப்பதிவு இருந்தால் மார்ச் 12க்குள் வேண்டுமாம்.

அவனாகவே அந்தக் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பெயரை மறைக்க நான் பட்ட பாடெல்லாம் என்ன ஆயிற்று.

பிப்ரவரி 15, வியாழன்

தர்சினியிடம் பேசினேன். எட்டு வயதில் அங்கே போனவளாம், தமிழ் நன்றாகவே வருகிறது.

"மேடம், ஒண்டுதான் கேக்கிறன். அந்த வசனம் அவர் சொன்னதுதானே?"

"அவன் சொன்னதுதான்."

"பதினேழு நாள் பற்றி?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. பதிமூணு வருஷம் ஆச்சு."

"றெக்கோடிங் கிடைச்சா நல்லது. தேடிப் பாருங்கோ."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவன் சொன்னதுதான். அந்தக் கூரைத் தகடு, அவன் மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாம் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

பழைய ஹார்ட் டிஸ்க் பரணில் இருக்கிறது. முழங்கால் வலி. ஏணி ஏற முடியாது.

பிப்ரவரி 21, புதன்

கார்குழலி அறைக்கு வந்தாள். என்னிடம் முனைவர் பட்டம் முடித்தவள், இப்போது எனக்கே துறைத்தலைவி. என் பணி ஓய்வுக்காக ஏப்ரல் 5 அன்று கருத்தரங்கம் வைக்கிறாள். பேனர் மாதிரியைக் கைபேசியில் காட்டினாள். நடுவில் என் படம், கீழே அந்த வாக்கியம், எழுத்து எழுத்தாகப் பெரிதாக.

"நல்லா இருக்கா மேடம்? கலர் கொஞ்சம் மாத்தணுமா?"

"வாக்கியம் வேண்டாமே."

"அதான் மேடம் ஹைலைட்டே!"

படத்தில் நான் பத்து வயது குறைவாக இருக்கிறேன். அது பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

அலமாரியில் தட்டச்சுப் பிரதி கிடைத்தது. முப்பத்தெட்டு பக்கம். நானே அடித்தது, உதவியாளர்களை நம்பாத காலம் அது. பக்கம் 23இல் 'நி' என்று போட்டு அந்த வாக்கியம் இருக்கிறது. நி என்றால் நிரோஜன். சரிதான். பதினேழு நாள் பற்றி எதுவும் இல்லை.

பிரதியை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. இருபது தாள் திருத்தினேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

தர்சினியின் பதில்: நன்றி, ஆனால் குரல்தான் வேண்டும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஜெபராஜே பரணில் ஏறி டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. வீட்டில் யாருக்காவது ஏதாவது தேவைப்படாதா என்று காத்திருக்கிறார். அதற்கேற்ற வயர் கடைவீதியில் கிடைத்தது. திறந்தால் நாற்பத்தொரு பதிவும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை.

அந்த வாக்கியம் இருக்கும் பதிவுக்கு 'நிரோஜன் மூன்று' என்று பெயர். ஒரு மணி இருபது நிமிடம்.

போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். நல்ல வெயில்.

பிப்ரவரி 29, வியாழன்

தாள் திருத்தி முடித்தேன். இனிச் சாக்கு ஒன்றும் இல்லை. பல் மருத்துவரிடம் போனேன்.

மார்ச் 2, சனி

கேட்டேன்.

ஜெபராஜ் சந்தைக்குப் போயிருந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் என் குரல்தான். நாற்பத்தாறு வயதில் எனக்கு இவ்வளவு உற்சாகம் இருந்திருக்கிறது. கேள்வி கேட்கிறேன், அதை விளக்குகிறேன், உதாரணம் சொல்கிறேன், பிறகு அவன் வாயைத் திறக்கிறான். ஒன்றரை வரி சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவுகிறேன்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம். கேட்டபடி எழுதுகிறேன்.

நான்: "அப்போ நீங்கள்லாம் சண்டைக்குப் பயந்து ஓடல. இங்க காத்துக்கிட்டே இருக்கறதுக்குப் பயந்துதான் ஓடப் பாக்கறீங்க. அப்படித்தானே தம்பி?"

அவன்: "ஓம் மிஸ். அப்பிடித்தான்."

நான்: "பிரமாதம்."

பிரமாதம் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறுபடி போட்டேன்.

அவன்: "ஆனா மிஸ், சண்டை முடிஞ்ச உடன என்னை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பதினேழு நாள் அங்க..."

நான்: "அதுக்கு அப்புறம் வருவோம் தம்பி. முதல்ல இந்தப் படகு ஏஜென்ட் விஷயத்தை முடிச்சுடலாம்."

அவன்: "ஓம் மிஸ்."

ஒரு மணி இருபது நிமிடம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டேன். அதற்கு அப்புறம் நான் வரவே இல்லை. நிரோஜன் நான்கு, ஐந்து என்ற பதிவுகளையும் கேட்டேன். அவற்றிலும் இல்லை. அவனும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுப்பேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

இவ்வளவு நாள் இந்த நோட்டிலேயே பொய் எழுதிக்கொண்டிருந்தேன். மறந்துபோனேன் என்பது பாதி உண்மைதான். தட்டச்சு அடித்தபோது எனக்குத் தெரியும். 'ஓம்' என்று ஒப்புக்கொண்டானே, ஒப்புக்கொண்டதும் சொன்னதும் ஒன்றுதானே என்று நினைத்து, என் வாக்கியத்தை அவன் பேச்சுப்படி மாற்றி அவன் பெயருக்கு நேரே போட்டேன். ஓடேல்லை, ஓடுறம் என்று அழகாக. அந்தப் பதினேழு நாளை, கட்டுரையின் பொருளுக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டேன். காத்திருப்பு பற்றித்தான் அப்போது ஆய்வுநிதி கிடைத்திருந்தது.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

மார்ச் 4, திங்கள்

ஒரு யோசனை. பதினேழு நாள் என்று அவன் சொல்லும் இடம் மட்டும்தானே அவனுக்கு வேண்டும்? அதை மட்டும் வெட்டி அனுப்பினால் என்ன? அவனும் பிழைப்பான், என் வாக்கியமும் பிழைக்கும். கணினியில் வெட்டிப் பார்த்தேன், ஐந்து நிமிட வேலைதான். ஏழு வினாடித் துணுக்கு. "ஆனா மிஸ்" என்று ஆரம்பிக்கிறது. எதற்கு ஆனா என்று அவர்கள் கேட்கமாட்டார்களா? முழுப் பதிவு எங்கே என்று கேட்கமாட்டார்களா? அப்போது அதையும் அவன்தான் ஜோடித்தான் என்பார்கள்.

அழித்துவிட்டேன். பிறகு குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டு வேறொரு இடத்தில் வைத்தேன். இதுதான் இன்றைய என் லட்சணம்.

மார்ச் 5, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது ஜெபராஜிடம் சொல்லிவிட்டேன். அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"இதுல என்ன ஆச்சரியம் சுகி? நீ கேள்வியோட பதிலையும் சேத்துத்தானே எப்பவும் கேப்ப. 'ரெண்டு தோசை போதும்தானே'ன்னு இப்பக்கூடக் கேட்ட."

"உங்களுக்குப் போதலையா?"

"முப்பது வருஷமாப் போதல."

சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "அந்தப் பையனைத் திருப்பி அனுப்பிட்டா என்ன ஆகும்?" என்றார். தெரியாது என்றேன். "உனக்கு என்ன ஆகும்?" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், துறையில் காறித் துப்புவார்கள், கருத்தரங்கம் நடக்காது என்றேன்.

"ஓய்வூதியம் வருமில்ல?"

"வரும்."

"அப்புறம் என்ன?" என்று எழுந்து போய்க் கை கழுவினார். வங்கிக்காரருக்கு எல்லாம் சுலபம். முப்பத்தொரு வருடம் நான் கட்டியது என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துதான் அப்படிக் கேட்டாரோ என்னவோ.

மார்ச் 8, வெள்ளி

கார்குழலியிடம் சொன்னேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு சொன்னேன்.

"மேடம், இதை இப்பவே சொல்லணுமா? மே முப்பத்தொண்ணு வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"பன்னிரண்டாம் தேதிக்குள்ள அனுப்பணும்மா."

"என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமே அந்த ஒரு வரிதான் மேடம். நீங்கதான் அதை வெச்சு எழுதச் சொன்னீங்க."

"ஆமா."

"'ஓம்'னு சொன்னார் இல்ல? ஒத்துக்கிட்டார் இல்ல? அது போதாதா?"

நான் பதின்மூன்று வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டதையே அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நல்ல மாணவி. அவளுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்பது இன்றுதான் தெரிந்தது. போகும்போது, "உங்களுக்கு என்ன, ரிட்டயர் ஆகிடுவீங்க" என்றாள். அது நியாயமான பேச்சுதான், அதனால்தான் அதிகம் வலித்தது.

மார்ச் 10, ஞாயிறு

நிரோஜனை நானே அழைத்தேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. கோழி இறைச்சி வெட்டும் ஆலையில் வேலை, ஞாயிறு விடுமுறையாம். குரல் தடித்துவிட்டது. "மிஸ்" என்று சொல்லும் விதம் மட்டும் அப்படியே.

"சுகமா இருக்கிறீங்களே மிஸ்? முழங்கால் வருத்தம் எண்டு அப்பவே சொன்னனீங்கள்."

அவனுக்கு அது நினைவிருக்கிறது. நான் வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டியில் கேட்டதை, நான் எழுதியதை, விட்டதை. முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"நான்தான் மிஸ் அந்தக் கட்டுரையைக் கொண்டுபோய்க் குடுத்தனான். என்னைப் பற்றி புத்தகத்தில வந்திருக்கு எண்டு. லமினேற் பண்ணி வச்சிருந்தனான்."

"நீ சொல்லாததை நான் எழுதிட்டேனே நிரோஜன்."

"எனக்கும் சொன்ன ஞாபகம் இல்லை மிஸ். ஆனா வாசிக்க வடிவா இருந்தது. இப்பிடி வடிவா நான் கதைச்சிருக்கிறனே எண்டு எனக்குப் பெருமை."

பிறகு, கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பதினேழு நாளைப் பத்திச் சொல்ல வந்தியே. இப்பச் சொல்றியா? நான் குறுக்க பேசமாட்டேன்."

அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைத்தான்.

"வேண்டாம் மிஸ். வக்கீலுக்குச் சொன்னன், டொக்டருக்குச் சொன்னன், மற்ற டொக்டருக்குச் சொன்னன், குடிவரவுக்காரருக்கு நாலு தரம் சொன்னன். சொல்லிச் சொல்லி எனக்கே ஆரோ ஒரு ஆளின்ர கதைமாதிரிப் போச்சு. முதல் முதல் உங்களிட்டத்தான் சொல்ல வெளிக்கிட்டனான். அதுக்கு முதல் அம்மாட்டக்கூடச் சொல்லேல்லை."

"சரிப்பா."

"கோபமில்லை மிஸ். இனி ஏலாது, அவ்வளவுதான்."

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னான். மெல்போர்னில் முருங்கைக்காய் கிடைக்கிறது என்றான். நான் 'ம்' மட்டும் கொட்டினேன். வைக்கும்போது, "றெக்கோடிங்கை அனுப்புவியளே மிஸ்?" என்று கேட்டான். அனுப்புவேன் என்றேன்.

மார்ச் 11, திங்கள்

முழுப் பதிவும் அனுப்பினேன். கூடவே மூன்று பக்கக் கடிதம். "மேற்படி வாக்கியம் நிரோஜன் சொன்னதல்ல, நான் சொன்னது. தெரிந்தே மாற்றி எழுதினேன்" என்ற வரிகளை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. 'தெரிந்தே' என்ற சொல்லை நான்கு முறை எடுத்து நான்கு முறை போட்டேன். அந்த ஏழு வினாடித் துணுக்கை நிஜமாகவே அழித்தேன்.

மார்ச் 14, வியாழன்

ஆய்விதழ் ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று.

மாவு அரைத்தேன். நாலு நாள் தாங்கும்.

மார்ச் 20, புதன்

துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து கடிதம், விளக்கம் கேட்டு. பதினைந்து நாள் அவகாசம். பொதுவறையில் நான் நுழைந்ததும் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது. அவர்களில் யாருக்கும் கிரிக்கெட் தெரியாது.

மார்ச் 26, செவ்வாய்

காலை ஏழரைக்குக் காணொளியில் சாட்சி. அங்கே மதியம் ஒரு மணி. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. விசாரித்தவர் என் வயதுப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். நிரோஜன் திரையின் ஓரத்தில், கோட்டு போட்டுக்கொண்டு, தோள் ஒடுங்கி. அவனை அடையாளம் காண எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பதிவை அங்கே ஒலிக்கவிட்டார்கள். என் 'பிரமாத'த்தை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அது அந்த மொழியில் இன்னும் அசிங்கமாக இருந்தது.

பிறகு அந்த அம்மாள் கேட்டார். "நீங்கள் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டாரே. அதை அவருடைய கருத்தாக ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?"

இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. வந்ததைச் சொன்னேன். "அம்மா, அந்த முகாமில் நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள். தாசில்தார் வருவார், போலீஸ் வரும், தொண்டு நிறுவனம் வரும், நான் வருவேன். எங்களில் யார் எந்தப் பக்கம் எழுதிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ரேஷன் அரிசி பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறேன், ஓம் மிஸ். நாறுகிறதா என்று கேட்டிருக்கிறேன், அதற்கும் ஓம் மிஸ். என் பதிவுகளில் ஒருவர்கூட என்னிடம் இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. இந்தப் பதிவில் அவனாக வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் நிறுத்தினேன்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே, "அப்படியானால் மற்ற பேட்டிகளை வைத்து நீங்கள் எழுதியவை?" என்று கேட்டார்.

"தெரியாது. இனிமேல்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றேன்.

திரை அணைந்தது. ஜெபராஜ் காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிய பிறகுதான் குடித்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கருத்தரங்கம் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' நடக்கவில்லை. நான் வழக்கம்போல் இரண்டு வகுப்பு எடுத்தேன். பேனர் முன்பே அச்சாகி வந்துவிட்டதாம். அலுவலக உதவியாளர் முருகையா அதைச் சுருட்டியபடி வந்து, "மேடம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? மழைக்கு வண்டி மேல போட நல்லா இருக்கும்" என்றார். நல்ல மனிதர். அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். வந்து படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தினம் ஒரு பதிவு கேட்கிறேன். முப்பத்து மூன்று முடிந்தது. எவ்வளவு நல்ல பிள்ளைகள் எல்லோரும், எவ்வளவு பொறுமையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்! அதுக்கு அப்புறம் வருவோம் என்று இதுவரை இருபத்தேழு இடத்தில் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்தது நான்கு இடத்தில். இவற்றை ஒரு நோட்டில் பெயர் பெயராகக் குறித்து வைக்கிறேன். சிலர் கனடாவில், சிலர் இன்னும் அதே முகாமில், இருவர் உயிரோடு இல்லை. இதை என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆய்வு என்று இதற்குப் பெயர் வைக்கப் போவதில்லை.

கார்குழலி இன்று போன் செய்தாள். மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புத்தகத்தைப் போட முடியுமா என்று. குரலில் இன்னும் கோபம் இருந்தது, ஆனாலும் என்னிடம்தான் கேட்கிறாள். "உன் பதிவுகளை நீ முதல்ல திரும்பக் கேளு" என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள்.

மே 9, வியாழன்

துணைவேந்தர் குழுவின் முடிவு: கடுமையான கண்டனம், ஓய்வுக்குப் பின் தரும் கௌரவப் பேராசிரியர் பதவி கிடையாது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மெல்போர்னிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

மே 14, செவ்வாய்

காலையில் தண்ணீர் வரும் நேரம், குடத்தை வைத்துவிட்டு நிற்கிறேன், கைபேசி அடித்தது. நிரோஜன். எடுத்ததும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தோற்றுவிட்டான் என்றே நினைத்தேன்.

"என்னப்பா?"

"மிஸ், தீர்ப்பு வந்திட்டுது. உங்களைப் பற்றியும் எழுதியிருக்கினம். வாசிக்கட்டே?"

"வாசி."

அவனுக்கு ஆங்கிலம் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழிலும் சொன்னான். இந்தச் சாட்சி தன் ஆய்வுமுறையில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறார். அவருடைய கட்டுரைக்கு எந்த மதிப்பும் தர முடியாது. அவர் சொல்லை ஒதுக்கிவிட்டு, ஒலிப்பதிவில் கேட்கும் மனுதாரரின் சொந்தச் சொல்லை மட்டுமே இந்த மன்றம் எடுத்துக்கொள்கிறது.

அந்த இடத்தில் அழுகிறானா சிரிக்கிறானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உங்களை நம்பேலாதாம் மிஸ். என்னை நம்பிட்டினம். நான் இருக்கலாமாம்!"

குடம் நிரம்பிக் காலெல்லாம் வழிந்தது. நான் குழாயை மூடவே இல்லை. ஜெபராஜ் ஓடி வந்து மூடினார். என்ன என்று சைகையால் கேட்டார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவனே அவரிடம் மறுபடி முதலிலிருந்து வாசித்துக் காட்டினான்.

முப்பத்தொரு வருடத்தில் என் ஆய்வைப் பற்றி எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு மனிதனுக்காவது உதவியது இது ஒன்றுதான்.